கைதட்ட ஆள் நிறைய இருக்கு, நேரம் எடுக்கத்தான் ஆள் இல்லை

ஏ.எல். எழுதிவிட்டு கம்பஸ் தொடங்கும்வரை எட்டு மாதம் காத்திருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கிளிநொச்சிப் பக்கம். அவருடைய ஊரில் ஞாயிறு காலையில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி நடக்கிறதாம், தொண்டராக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "எனக்கு விளையாட்டும் பெரிதாகத் தெரியாது, இப்படிப் பிள்ளைகளோடு பழகினதும் இல்லை. போனால் என்ன செய்யவேண்டி வரும்? ஏதும் பிழையாகச் செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கு" என்பது கேள்வி.

தங்கச்சி, பயந்துகொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். அவர்கள் எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார்கள். "எனக்குப் பிள்ளைகள் என்றால் உயிர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பேன், ஏனென்றால் மூன்றாவது ஞாயிறோடு காணாமல் போவது அநேகமாக அவர்கள்தான். நான் மாங்குளம் பக்கத்தில் 11 வருஷமாக இதில் நிற்கிறேன். படித்த பயிற்றுநர் இல்லை. கிழமை நாட்களில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிற ஆள். அந்தக் கணக்குப் பழக்கம்தான் இங்கே எனக்கு உதவினது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் போகப்போகிற பயிற்சியை யார் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பாடசாலையின் விசேட கல்வி அலகாக இருக்கலாம், பிரதேச செயலகத்துச் சமூக சேவைப் பிரிவாக இருக்கலாம், ஒரு தொண்டு நிறுவனமாகவும் இருக்கலாம். யார் நடத்தினாலும் முறை பெரும்பாலும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முறைதான், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான உலக விளையாட்டு அமைப்பு அது. அதைத் தொடங்கினவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை. அவர்களுடைய சகோதரி ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. 1962 இல் மேரிலாண்டில் தன் வீட்டு வளவிலேயே ஒரு கோடைகால முகாம் வைத்தார், அதற்குத் தொண்டர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலப் பள்ளி முடிக்கிற, கல்லூரி தொடங்குகிற வயதுப் பிள்ளைகள். 1968 யூலை 20 இல் சிக்காகோவில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது, ஏறத்தாழ 1000 பேர் கலந்துகொண்டார்கள். ஆகவே "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்பது இந்த வேலைக்குப் புதுக் கதை இல்லை, தொடக்கமே அப்படித்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் போட்டி நாள் என்றால் அறுபது பேர் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர்கள், கழகத்துப் பெடியள், மேடையில் இருக்க ஒரு பத்துப் பேர். ரிசேட் வரும், கேக் வரும், பிள்ளைகளோடு நின்று போட்டோ எடுப்பார்கள். சாதாரண ஞாயிறு என்றால் நாலு பேர். அந்த நாலில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று. ஒருமுறை இருபத்திரண்டு பேருக்கு நான் ஒரே ஆள், ஒரு விசில். கைதட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, கைதட்டு அவர்களுக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் எட்டு மாதம் வரப்போகிறீர்கள் என்றால் உங்களுக்கு நான் தரும் வேலை வேறு. ஒரு ஸ்டொப்வோச், ஒரு சீ.ஆர். கொப்பி.

ஏன் என்று விளக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் கிடக்கிறது. பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் வயதைப் பார்த்துப் பிரிப்பார்கள், பிறகு எது கெட்டிக்காரக் குதிரையோ அது முன்னுக்குப் போகும், மிச்சம் எல்லாம் பின்னால். இங்கே அப்படிச் செய்தால் நல்லாக ஓடுகிற ஒருவர் ஐந்து வருஷமும் முதலாவதாக வருவார், கால் இழுத்து ஓடுகிற ஒருவர் ஐந்து வருஷமும் கடைசி. ஆகவே ஆண் பெண், வயது, பிறகு திறன் என்று பிரிப்பார்கள். வயதுக் குழுக்கள் 8 முதல் 11, 12 முதல் 15, 16 முதல் 21, 22 முதல் 29, 30க்கு மேல் என்று போகும். மேல் வயதெல்லை கிடையாது, எங்களிடம் 43 வயதுக்காரர் ஒருவர் பந்து எறிகிறார். திறன் என்பது நாங்கள் எடுத்துக் கொடுக்கிற நேரமும் தூரமும்தான். கிட்டத்தட்ட ஒரே அளவில் உள்ள 3 முதல் 8 பேரை ஒரு குழுவாக விடுவார்கள். குழுவில் முந்தினவருக்கும் பிந்தினவருக்கும் இருக்கக்கூடிய இடைவெளி 10, 15 வீதம் என்பதுதான் பழகின கணக்கு. 50 மீற்றரை ஒருவர் 12 செக்கனில் ஓடினால் அந்தக் குழுவில் கடைசி ஆள் 13.8 செக்கனுக்குள் ஓடக்கூடியவராக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அப்போது அது உண்மையான போட்டி. யாருக்கும் முதலே முடிவு தெரியாது.

இப்போது பாருங்கள், நான் கொப்பியில் எழுதுகிற எண் பிழைத்தால் என்ன நடக்கும்? எனக்கு அது நடந்தது.

எனக்கு இரண்டாவது வருஷம். ஒரு தம்பி, 14 வயது, நல்ல சுட்டி, 50 மீற்றருக்கு அவனுடைய நேரம் 10.8. பெயர் அனுப்புகிற கிழமை அவனுக்குத் தடிமன், நான் யோசித்தேன், பாவம், சுகமாக இருந்திருந்தால் இதைவிடக் கெதியாக ஓடியிருப்பான். 9.8 என்று எழுதிவிட்டேன். அன்பில்தான் எழுதினேன், அதில் சந்தேகமில்லை. போட்டியன்று திறன் பார்க்க முன்னோட்டம் வைப்பதுதான் முறை, ஆனால் அன்று மழை வந்து நேரம் போய்விட்டது, நாங்கள் கொடுத்த எண்களை வைத்தே குழு பிரித்தார்கள். அவனை வேகமான ஆட்களோடு விட்டார்கள். மற்ற ஐந்து பேரும் கோட்டைத் தாண்டி நின்று மூச்சு வாங்க, இவன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். 10.7. அவனுடைய வாழ்க்கையிலேயே நல்ல ஓட்டம் அது. அடுத்த குழுவில் முதலாவதாக வந்தவர் 10.9.

கொட்டிலுக்கு வந்து இருந்து சப்பாத்தைக் கழற்றினான். "அண்ணை, நான் இண்டைக்கு நல்லா ஓடினனான், என்ன?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அப்ப ஏன் கடைசி?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்குப் பிறகு எங்கள் கொப்பியில் "பாவம்" பார்த்து எழுதின எண் கிடையாது. எதிர்ப் பக்கமும் நடக்கும், அதையும் சொல்லவேண்டும். சிலர் வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதுவார்கள், மெதுவான குழுவில் போட்டால் தங்கள் பிள்ளை பதக்கம் எடுக்கும் என்று. அதற்கும் விதி இருக்கிறது. முன்னோட்டத்தில் காட்டினதைவிட இறுதிப் போட்டியில் எதிர்பாராத அளவுக்கு வேகமாக ஓடினால் தகுதி நீக்கலாம். பிழை எங்களுடையது, பதக்கம் பறிபோவது ஓடினவருக்கு. எங்கள் ஊர்ச் சின்னப் போட்டியில்தான் இதெல்லாம் என்று நினைக்காதீர்கள். 2000 சிட்னி பராலிம்பிக்கில் ஸ்பெயினின் கூடைப்பந்து அணி தங்கம் எடுத்தது, பிறகு பார்த்தால் 12 பேரில் 10 பேருக்கு அறிவுசார் குறைபாடே கிடையாது. அந்த ஒரு பொய்யால் உலகம் முழுக்க உள்ள அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்கள் எல்லோரும் பராலிம்பிக்குக்கு வெளியே நின்றார்கள், 2012 லண்டனில்தான் திரும்பச் சேர்த்தார்கள், அதுவும் ஓட்டம் பாய்தல் போன்ற மெய்வல்லுநர், நீச்சல், மேசைப்பந்து என்று மூன்றில் மட்டும். (பராலிம்பிக்கும் ஸ்பெஷல் ஒலிம்பிக்சும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது உச்சத் திறனுக்கான போட்டி, பெரும்பாலும் உடற்குறைபாடு, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். இது அறிவுசார் குறைபாடு உள்ள எவருக்கும், எந்தத் திறனிலும், கட்டணமே இல்லாமல்.)

நேரம் எடுக்கிற வித்தை ஒரு காலைக்குள் பழகிவிடும். கோட்டுக்கு நேரே பக்கவாட்டில் நில்லுங்கள், முன்னுக்கு நின்றால் கண் ஏமாற்றும். கையோ தலையோ அல்ல, நெஞ்சு கோட்டைக் கடக்கும்போது அழுத்துங்கள். தொடக்கத்தில் சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீர்கள், கொடி விழுவதைப் பார்த்து அழுத்துங்கள், 50 மீற்றர் தூரத்துக்குச் சத்தம் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.15 செக்கன் ஆகிவிடும். இரண்டு பேர் நேரம் எடுத்தால் கூடின நேரத்தை எழுதுவது, மூன்று பேர் என்றால் நடுவில் உள்ளது. பிறகு திகதி, வெயிலா மழையா, சப்பாத்தோடா வெறுங்காலா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். நாலு மாதம் போக அந்தக் கொப்பியைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும், யாருடைய நேரம் இறங்குகிறது, யாருடையது திடீரென்று ஏறியிருக்கிறது என்று. ஒரு தங்கச்சியின் நேரம் மூன்று கிழமையாக ஏறிக்கொண்டே போனது, தாயைக் கேட்டால் வலிப்பு மருந்து மாற்றியிருக்கிறார்கள், பகலெல்லாம் நித்திரை என்றார். அடுத்த கிளினிக்குக்கு நாங்கள் அந்தக் கொப்பியின் பக்கத்தையே கொடுத்துவிட்டோம்.

கொடி என்று சொன்னேன் அல்லவா. வன்னியில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு போட்டிக்கு ஓட்டம் தொடங்க வெடி வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் வழக்கம்தான். வெடித்ததும் எங்கள் ஆட்களில் ஒருவர் ஓடவில்லை, கோட்டிலேயே குப்புறப் படுத்துவிட்டார், இரண்டு கையும் காதில். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அவருக்கு 11 வயது. கூடாரத்துக்குள் திரும்பிப் பார்த்தால் அவருடைய அம்மாவும் கதிரையை விட்டு இறங்கிக் குந்தியிருந்தார். அதற்குப் பிறகு எங்களிடம் வெடியும் இல்லை, திறப்பு விழாப் பட்டாசும் இல்லை. போன வருஷம் ஒரு கழகம் மேலிருந்து படம் எடுக்க ட்ரோன் கொண்டுவந்தது, நல்ல எண்ணம்தான், ஆனால் யுத்த காலத்தில் வேவு விமானத்தின் அதே மாதிரிச் சத்தத்தை இங்கே ஆட்கள் "வண்டு" என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் தலைக்கு மேல் கேட்டவர்கள். வேண்டாம் தம்பி, இறக்கு என்றேன். அந்தப் பெடியனுக்கு விளங்கவில்லை, அவனுக்கு 2009 இல் மூன்று வயது.

அடுத்தது, எப்படிக் கதைப்பது. இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், இதுதான் எல்லாவற்றிலும் லேசு. பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றைச் சொல்லுங்கள், சொல்வதைச் செய்தும் காட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணுங்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விடுகிற பிழை இந்தப் பத்து எண்ணாததுதான். பதில் வரவில்லை என்று திரும்பச் சொல்வார்கள், வேறு சொல்லில் சொல்வார்கள், சத்தமாகச் சொல்வார்கள். அவருக்கு மூன்று கட்டளை வந்து சேர்ந்த மாதிரி. "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது விளங்கும். ஒவ்வொரு ஞாயிறும் அதே ஒழுங்கில் செய்யுங்கள், சுற்றி நடப்பது, கை கால் நீட்டுவது, ஓட்டம், எறிதல், விளையாட்டு, பிறகு தண்ணி. ஒழுங்கு மாறினால் சிலர் அன்று முழுக்க ஒன்றும் செய்யமாட்டார்கள்.

செய்யாமல் நின்றால் பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள், காரணம் இருக்கும். ஒரு தம்பி 50 மீற்றரையும் அம்பு மாதிரி வருவான், முடிவுக் கோட்டில் கட்டியிருக்கிற நூலுக்கு முன்னால் சடார் என்று நிற்பான். பிறகு நூலை இரண்டு விரலால் பக்குவமாக உயர்த்தி, குனிந்து, கீழால் வருவான். திரும்ப நூலை விட்டுவிட்டு, அது ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டும் நிற்பான். நாங்கள் இரண்டு மாதம் "நூலை அறுத்துக்கொண்டு ஓடு" என்று கத்தினோம். ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோதுதான் விளங்கியது, வளவில் பயிற்றங்காய்ப் பாத்தியைச் சுற்றி மாடு வராமல் தாய் நூல் கட்டியிருக்கிறார், அதை அறுக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார். அவன் ஒழுங்கான பிள்ளை. நாங்கள்தான் ஒழுங்கில்லாத வேலை சொல்லிக்கொண்டிருந்தோம். நூலைக் கழற்றிவிட்டு, கோட்டுக்கு அப்பால் பத்து மீற்றரில் அவனுடைய தங்கச்சியை நிறுத்தினோம். அவளிடம் ஓடிப் போனான், நேரம் ஒன்றரைச் செக்கன் இறங்கியது.

அதே மாதிரி, கூப்பிட்டால் திரும்பாதவர்களின் காதையும், பந்தைப் பிடிக்கத் தெரியாதவர்களின் கண்ணையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1997 முதல் போட்டிகளோடு சேர்த்துக் கண், காது, பல் எல்லாம் இலவசமாகப் பார்க்கிற திட்டம் ஒன்று வைத்திருப்பது சும்மா இல்லை. "விளங்காத பிள்ளை" என்று பெயர் எடுத்த பலருக்கு உண்மையில் வடிவாகக் கேட்பதில்லை.

இனி உண்மையிலேயே பயப்படவேண்டிய விஷயங்கள். மூன்று.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்து எலும்பின் மேல் இரண்டு கண்டமும் தளர்வாக இருக்கும். ஆகவே குட்டிக்கரணம், தலைகீழாகக் குளத்தில் பாய்வது, பந்தைத் தலையால் அடிப்பது எல்லாம் வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். கழுத்து நோ, நடையில் தள்ளாட்டம், கையில் விறைப்பு, திடீரென்று சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று ஏதும் புதிதாகக் கண்டால் அன்றே விளையாட்டை நிறுத்தி வைத்தியசாலை. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறப்பிலேயே இதயக் குறையோடு வருகிறார்கள், அதனால் மருத்துவப் படிவம் நிரப்பாத எவரையும் ஓட விடாதீர்கள், பொறுப்பாக நிற்கிறவர் "பரவாயில்லை, ஓடட்டும்" என்றாலும்.

வலிப்பு. இது நீங்கள் நிச்சயம் ஒருநாள் காண்பீர்கள். வந்தால் சுற்றி நிற்கிற எல்லோரும் இரும்பு தேடி ஓடுவார்கள், திறப்புக் கோர்வையைக் கையில் திணிப்பார்கள், வாய்க்குள் கரண்டி வைக்கப் பார்ப்பார்கள். இரும்பு கையில் கிடந்தால் பயனும் இல்லை, வாய்க்குள் எதையும் வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். தலைக்குக் கீழ் ஒரு துவாய், ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்கவிடுங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், தண்ணி பருக்காதீர்கள், போனில் நேரம் பாருங்கள். பாருங்கள், அங்கேயும் நேரம் எடுப்பதுதான் உங்கள் வேலை. 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளியமுதல் மற்றது வந்தாலோ 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். உள்ளூர் றோட்டு என்றால் சந்திக்கு ஒரு ஆளை மோட்டார் சைக்கிளில் அனுப்பி வழி காட்டச் செய்யுங்கள்.

வெயில். இதைப் பற்றி வன்னியில் இருக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒன்று மட்டும்: இவர்களில் பலர் தாகம் என்று கேட்கமாட்டார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிழலுக்குக் கூப்பிட்டுக் குடிக்க வையுங்கள், ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். மோர் என்றால் இன்னும் நல்லது.

ஒரு பெண் தொண்டர் என்ற முறையில் உங்களுக்குத் தனியாக ஒரு தேவை இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் நேரே கேட்கமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். எங்கள் இடங்களில் பெண் பிள்ளைகள் பெரிசானதும் பயிற்சிக்கு வருவது நின்றுவிடும். தாய்மாரைக் கேட்டால் "வீட்டில் வேலை" என்பார்கள். காரணம் வேலை இல்லை. மாதவிடாய் நாட்களில் யார் பார்ப்பது, மலசலகூடத்துக்கு யார் கூட்டிப்போவது, உடுப்பு யார் மாற்றுவது, அங்கே நிற்பதெல்லாம் ஆண்கள்தானே. நம்பிக்கையான இரண்டு பெண்கள் ஒழுங்காக வந்தாலே நாலு பெண் பிள்ளைகள் திரும்ப வருவார்கள், நான் கண்டிருக்கிறேன். ஆனால் கவனம், எந்த வீரரோடும், ஆண் என்றாலும் பெண் என்றாலும், நீங்கள் தனியாக மறைவில் நிற்கக்கூடாது. மலசலகூடத்துக்கும் இரண்டு பேராகப் போங்கள், வாசலில் ஒருவர் நிற்கட்டும். அது அவர்களுக்கும் காவல், உங்களுக்கும் காவல். மோட்டார் சைக்கிளில் தனியாக ஏற்றிக்கொண்டு போவதும் அதே கணக்குத்தான். போட்டோவை வீட்டாரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். ஓடிக் களைத்து எச்சில் வடிய நிற்கிற உங்கள் படத்தை யாராவது போட்டு "இந்தப் பிள்ளைக்கு ஒரு லைக்" என்று எழுதினால் எப்படியிருக்கும்?

வருகை குறைந்தால் முதலில் பஸ்ஸை நினையுங்கள். ஏ9 வீதியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது, உள்ளுக்குள் காலையில் ஒரு பஸ், அது போனால் பகல்தான். பல வீடுகளில் தாய் மட்டும்தான் உழைப்பு, கச்சான் பிடுங்குகிற காலத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிவருகிறார். அவரிடம் போய் "ஏன் போன கிழமை வரவில்லை" என்று கேட்கிற தொனி இருக்கிறதே, அதில் கவனம். நாங்கள் இப்போது கச்சான் காலத்தில் மாதத்துக்கு இரண்டு முறைதான் வைக்கிறோம், மற்ற இரண்டு கிழமைக்கும் வீட்டு வளவிலேயே செய்ய ஒரு தாளில் படம் கீறிக் கொடுக்கிறோம், நின்ற இடத்திலிருந்து பாய்தல், சுவரில் பந்து எறிந்து பிடித்தல். தாயை விட அண்ணன் தம்பிமார் செய்விப்பார்கள்.

அண்ணன் தம்பி என்றதும் இன்னொன்று. கழகத்துப் பெடியளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடை கட்ட அல்ல, விளையாட. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் விளையாடுகிற முறை ஒன்று ஸ்பெஷல் ஒலிம்பிக்சில் இருக்கிறது. நாங்கள் அதைக் கிளித்தட்டில் பழக்கினோம் (மறிக்கிறவர் கையால் அடி வாங்காமல் கோடுகளைத் தாண்டி ஓடுகிற விளையாட்டு, முழுக்கத் தாண்டினால் பழம்), செலவில்லை, கோடு கீற ஒரு தடி போதும். முதல் மாதம் பெடியள் இரண்டு பிழையில் ஒன்றை விடுவார்கள். ஒன்று, தாங்களே ஓடித் தாங்களே பழம் கொண்டுவருவார்கள், மற்றவர் கோட்டில் மரமாக நிற்பார். இல்லையென்றால் வேண்டுமென்று அடிவாங்கி விட்டுக்கொடுப்பார்கள். பெடியள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது எங்கள் வீரர்களுக்கு விளங்காது என்று நினைக்காதீர்கள். எங்கள் 43 வயதுக்காரர் ஒருநாள் பாதி விளையாட்டில் வெளியே வந்துவிட்டார். என்ன அண்ணை என்றால், "உவங்கள் பொய்க்கு விளையாடுறாங்கள்" என்றார். அடுத்த கிழமை பெடியள் மெய்யாக விளையாடினார்கள், அவர் மூன்று முறை அடிவாங்கினார், ஒருமுறை முழுத்தட்டும் தாண்டிப் பழம் எடுத்தார், எடுத்த கையோடு எதிர் அணித் தலைவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்.

ஓடப் பிடிக்காதவர்களுக்கு பொச்சே இருக்கிறது. சின்ன வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு எவர் கிட்டப் பெரிய பந்தை உருட்டுகிறாரோ அவருக்குப் புள்ளி, அணிக்கு நாலு பந்து. போளையடித்து வளர்ந்த எவருக்கும் ஒரு பார்வையில் விளங்கும். சக்கர நாற்காலியில் இருந்தும் விளையாடலாம். உண்மையான பந்து விலை, நாங்கள் பழைய டெனிஸ் பந்துகளைக் கீறி மணல் அடைத்துத் தைத்துப் பழக்குகிறோம், உருள்கிற விதம் கொஞ்சம் வேறுதான், இருந்தாலும் கைக் கணக்கு பழகும்.

சொற்கள். "மந்தம்", "லூசு" எல்லாம் மைதானத்தில் யார் வாயிலும் வரவிடாதீர்கள், தாய்மாரே சொன்னாலும் மெதுவாகத் திருத்துங்கள். முப்பது வயதுக்காரரைக் "குழந்தை" என்காதீர்கள், அண்ணை என்றோ பெயர் சொல்லியோ கூப்பிடுங்கள். ஓடி முடிகிற இடத்தில் எல்லோரையும் கட்டிப்பிடிக்க ஆட்களை நிறுத்துவது ஒரு காலத்தில் இந்தப் போட்டிகளில் பெரிய வழக்கமாக இருந்தது, இப்போது அதைக் குறைத்துவிட்டார்கள், நல்லது. ஓடி வந்த வீரருக்கு நாங்கள் கை கொடுப்போம், நேரத்தைச் சொல்வோம். அவர்களே கேட்பார்கள், "எத்தினை?" என்று. எண் விளங்காதவர்களும் கேட்பார்கள். போன கிழமையை விடக் கூடவா குறையவா என்று கையால் காட்டுங்கள்.

எட்டு மாதத்தில் போய்விடுவேனே, அது சரியா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். சரிதான், ஆனால் அதை முதல் நாளே சொல்லுங்கள். கலண்டரில் கடைசி ஞாயிறைச் சிவப்பால் வட்டம் போட்டு அவர்களுக்கும் காட்டுங்கள். எங்களிடம் வந்த ஒரு தம்பி சொல்லாமல் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார், அவரோடு ஓடப் பழகின ஒருவர் ஆறு கிழமை கேற்றடியில் போய் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பயிற்சிக்குக் கூப்பிட்டால் வரவில்லை. போக இரண்டு மாதம் இருக்கும்போதே கொப்பியை இன்னொருவருக்குப் பழக்கத் தொடங்குங்கள்.

இந்த ஞாயிறு போகும்போது பேனை இரண்டு கொண்டுபோங்கள், ஒன்றை யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தொப்பிக்குக் கயிறு கட்டுங்கள், சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது.